தேவாங்குக்குக் காப்புக்காடு மட்டும் போதாது, கிளுவை வேலியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடவூர் தேவாங்கு சரணாலயத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைத் தமிழக அரசு 2022 அக்டோபரில் சரணாலயமாக அறிவித்தபோது, தேவாங்குக்கென்றே நாட்டில் அமையும் முதல் சரணாலயம் எங்கள் பக்கத்தில் அமைகிறதே என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். யானைக்கும் புலிக்கும் கிடைக்கும் கவனத்தில் ஒரு சிறு பங்குகூட இந்த உயிருக்கு அதுவரை கிடைத்ததில்லை. ஆகவே அந்த அறிவிப்புக்காக உழைத்த வனத்துறையினருக்கும், அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஊர் ஊராகப் போய் மக்களிடம் பேசிய தன்னார்வலர்களுக்கும் நன்றி சொல்லித்தான் இக்கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆனால் சரணாலயம் வந்துவிட்டது, இனித் தேவாங்கு பிழைத்துக்கொள்ளும் என்றொரு நிம்மதி அதிகாரிகளிடமும் பொதுமக்களிடமும் பரவியிருப்பதைப் பார்க்கிறேன். அந்த நிம்மதிக்கு இன்னும் காலம் வரவில்லை. காப்புக்காட்டுக்கு வெளியே, பட்டா நிலங்களைச் சுற்றி, கிளுவை என்ற முட்செடியை நட்டு வளர்த்த உயிர்வேலிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றாவிட்டால், சரணாலயத்தால் விளைய வேண்டிய பயனில் பெரும்பகுதி விளையாமலே போகும். இந்த விலங்கு எப்படி வாழ்கிறது என்று பார்த்தால் காரணம் தானாக விளங்கும்.

தேவாங்கு, குரங்கும் மனிதனும் அடங்கிய விலங்கு வரிசையின் மிகப் பழைய கிளையொன்றைச் சேர்ந்தது. மடகாஸ்கரின் லெமூர்கள் அதற்குத் தூரத்து உறவு; ஆப்பிரிக்கக் காடுகளின் பொட்டோவும் அசாம் பக்கத்து வங்கத் தேவாங்கும் நெருங்கிய உறவு. நம் வறண்ட சமவெளிகளிலும் கரடுகளிலும் இருப்பது சாம்பல் நிறத் தேவாங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் சற்றே செம்மை கலந்த அதன் இன்னொரு வகை வாழ்கிறது. வளர்ந்த தேவாங்கின் எடை கால் கிலோவை ஒட்டியே இருக்கும். வால் இல்லை. கைகால்கள் பென்சில் கனம்தான். முகத்தின் பெரும்பகுதியைக் கண்கள் எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கண்ணின் உட்புறத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. இரவில் டார்ச் அடித்தால் புதருக்குள் செம்மஞ்சளாக இரண்டு புள்ளிகள் ஒளிர்வது அதனால்தான். தேவாங்கைக் கணக்கெடுப்பவர்கள் அந்த ஒளிர்வை வைத்தே எண்ணுகிறார்கள்.

அதன் உணவு ஏறத்தாழ முழுவதும் பூச்சிகள்தாம். எங்கள் மாவட்டத்து அய்யலூர்ப் பகுதிக் காடுகளில் 1990களின் பிற்பகுதியில் தங்கி ஆராய்ந்த அன்னா நெக்கரிஸ், அது உண்டவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் பூச்சி முதலான சிற்றுயிர்களே என்றும், அவற்றில் எறும்புக்கும் கறையானுக்கும் பெரும்பங்கு உண்டு என்றும் பதிவு செய்தார். அது இரை பிடிப்பதை அருகிலிருந்து பார்த்தால் மறக்க முடியாது. சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சின் மங்கிய வெளிச்சத்தில், உசில மரக்கிளை ஒன்றில், பின்னங்கால்கள் இரண்டாலும் கிளையைப் பற்றிக்கொண்டு உடலை முன்னால் நீட்டி, வெகுநேரம் ஓர் இலையையே முகர்ந்துகொண்டிருந்த ஒரு தேவாங்கைப் பார்த்திருக்கிறேன். அசைவே தெரியவில்லை. பிறகு இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் பாய்ந்து மூடின. பிடிபட்ட வெட்டுக்கிளியின் தலையை முதலில் கடித்து, கண்களை இறுக மூடிக்கொண்டு மென்றது. நெடியும் காரமும் உள்ள பூச்சிகளைத் தின்ற பின் அது தலையை உதறுவதையும், எச்சில் ஒழுக்குவதையும், தும்முவதையும் ஆராய்ச்சியாளர்கள் குறித்திருக்கிறார்கள். மற்ற விலங்குகள் ஒதுக்கிவிடும் பூச்சிகளையும் தின்று வாழப் பழகிய உயிர் இது. வானம் பொய்க்கும் எங்கள் நிலத்தில் அது நிலைத்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்ததற்கு மிக முக்கியமானது அதன் நடை. தேவாங்கு தாவாது. குரங்கைப் போலவோ அணிலைப் போலவோ ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாயும் உடலமைப்பு அதற்கு இல்லை. ஒரு கிளையைப் பிடித்த பிடியை விடாமலே அடுத்த கிளையை எட்டிப் பிடித்து, பிறகே பழைய பிடியை விடும். கைகால்களில் இரத்தக் குழாய்கள் வலைபோலப் பின்னியிருப்பதால் களைப்பில்லாமல் நெடுநேரம் பற்றிக்கொண்டிருக்க அதனால் முடியும். கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் வரை அதற்குப் பாதை உண்டு. ஓர் ஆள் நடந்து போகும் அளவு இடைவெளி விழுந்தாலும் தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். தரையிலோ நாய் இருக்கிறது, பூனை இருக்கிறது, சாலையென்றால் வண்டி இருக்கிறது. திண்டுக்கல் - திருச்சி நான்கு வழிச்சாலை அய்யலூர் வழியாகத்தான் போகிறது. அந்த அகலத்தை இரவில் கடக்க முயலும் தேவாங்குக்கு எத்தகைய முடிவு காத்திருக்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது, அது வாழும் பரப்பு. அய்யலூர் ஆய்வின்படி ஒரு பெண் தேவாங்கு நடமாடும் பரப்பு சராசரியாக 1.6 ஹெக்டேர், ஆணுடையது 3.6 ஹெக்டேர். நம் கணக்கில் சொன்னால் பெண்ணுக்கு ஏறத்தாழ நான்கு ஏக்கர், ஆணுக்கு ஒன்பது ஏக்கர். அந்த நான்கு ஏக்கருக்குள் எந்தப் புதரில் பகலில் படுப்பது, எந்த மரத்தில் எறும்பு ஏறும், எந்தக் கிளை வழியாக எங்கே போகலாம் என்பதெல்லாம் அதற்குப் பாடம். நான்கு ஏக்கர் என்பது எங்கள் ஊரில் ஒரு சிறு விவசாயியின் நிலம். அவர் ஒருவர் தம் நிலத்தைச் சுற்றியுள்ள வேலியைப் பொக்லைன் விட்டுப் பெயர்த்தெறிந்தால், ஒரே முற்பகலில் ஒரு தேவாங்கின் வாழ்விடம் முழுவதும் இல்லாமல் போய்விடும். புலியைக் காக்கப் பல நூறு சதுர கிலோமீட்டர் தேவைப்படுகிறது. தேவாங்கைக் காக்கச் சிறிய இடமே போதும், ஆனால் அந்தச் சிறிய இடம் அறுபடாமல் இருந்தாக வேண்டும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டு திட்டம் வகுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனப்பெருக்கமும் மெதுவானதே. கரு வளர ஏறத்தாழ ஐந்தரை மாதம் ஆகிறது. ஈனுவது ஒன்று அல்லது இரண்டு குட்டி. பிறக்கும்போது குட்டியின் எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான். முதல் சில வாரங்கள் தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டே திரியும். பிறகு தாய் அந்தி வேளையில் குட்டியைக் கிளையொன்றில் விட்டுவிட்டு இரை தேடப் போகும். குட்டி இருந்த இடத்தில் அப்படியே பற்றிக்கொண்டு காத்திருக்கும்; விடிவதற்குள் தாய் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளும். வேலி கழிக்கும்போதோ விறகு பொறுக்கும்போதோ தனித்திருக்கும் குட்டியைக் காண்பவர்கள், தாய் கைவிட்டுவிட்டது என்று இரக்கப்பட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்வதுண்டு. இரக்கம் நல்லது, எடுத்துச் செல்வது தவறு. கண்ட இடத்திலேயே குட்டியை விட்டு நாய் வராமல் பார்த்துக்கொண்டு, வனத்துறைக்குத் தகவல் சொல்வதே அதற்குச் செய்யும் உதவி.

இனி வேலிக்கு வருகிறேன். கரூர், வேடசந்தூர், கடவூர்ப் பக்கங்களில் கிளுவை வேலி தலைமுறை தலைமுறையாக இருந்து வருவது. மழைக்கு முன் கிளுவைப் போத்துகளை, அதாவது வெட்டிய கிளைத்துண்டுகளை, நெருக்கமாக ஊன்றிவிட்டால் போதும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், வறட்சி தாங்கும், ஆடு மாடு உள்ளே நுழையாது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக இருக்கும் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்கும் இந்த வேலிகளை இன்றும் காணலாம். வேலியென்றால் கிளுவை மட்டும் இல்லை. அதன் ஊடே காரையும் சூரையும் முளைத்திருக்கும். பிரண்டையும் கோவையும் முசுமுசுக்கையும் மேலே படர்ந்திருக்கும். இடையிடையே ஒரு வேம்பு, ஓர் உசில், திருகுகள்ளிப் புதர் நிற்கும். அடியில் சருகு, சருகில் கறையான், கறையானைத் தேடி எறும்பு. தேவாங்குக்குப் பகலில் படுக்க முட்புதரும், இரவில் நடக்கக் கிளைப்பாதையும், வழி நெடுக உணவும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. கரட்டின் அடிவாரத்துக் காப்புக்காட்டிலிருந்து ஊருக்குள் இருக்கும் புளியந்தோப்பு வரை அது வந்து போவது இந்த வேலிகளின் வழியாகத்தான்.

கடந்த இருபது ஆண்டுகளில் இந்த வேலிகள் வேகமாகக் குறைந்துவிட்டன. அவை இருந்த இடங்களில் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி இழுத்திருக்கிறார்கள். இதற்காக விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயிர்வேலி நிலத்தின் ஓரத்தில் பல அடி அகலத்தை எடுத்துக்கொள்கிறது. ஆண்டுதோறும் கிளைகளைக் கழித்துவிட வேண்டும், அதற்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. பாகப்பிரிவினையில் நிலம் துண்டாகும்போது வேலியே அண்ணன் தம்பிக்குள் வழக்காகிறது. நிலத்தை வாங்கும் வெளியூர்க்காரர்களுக்கோ முதல் வேலை, இருப்பதை எல்லாம் வழித்துத் துடைத்துக் கம்பி போடுவதுதான். போதாதற்குச் சீமைக் கருவேலம் அகற்றுகிறோம் என்று வரும் இயந்திரங்கள், பல இடங்களில் பக்கத்தில் நிற்கும் காரையையும் சூரையையும் வெள்வேலையும் சேர்த்தே பெயர்த்துவிடுகின்றன. சீமைக் கருவேலத்தை அகற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. நாட்டு முட்செடிகளுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரிந்த ஒருவர் இயந்திரத்தின் அருகில் நின்றாக வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

சட்டம் இங்கே பாதி வழிதான் துணை வருகிறது. கடவூர் சரணாலயம், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ஏற்கெனவே காப்புக்காடாக உள்ள நிலத்தைச் சரணாலயமாக்கும் பிரிவின் கீழ் அறிவிக்கப்பட்டது. பட்டா நிலம் அதில் சேரவில்லை. சேர்க்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை, ஏனென்றால் நிலம் போய்விடுமோ என்ற அச்சம் ஒருமுறை கிளம்பிவிட்டால் தேவாங்கு மீது மக்களுக்கு இருக்கும் கொஞ்ச நல்லெண்ணமும் கெட்டுவிடும். தேவாங்கு அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், எந்த நிலத்தில் இருந்தாலும் அதைப் பிடிப்பதும் கொல்வதும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். ஆனால் அது குடியிருக்கும் வேலியைப் பெயர்ப்பது குற்றமில்லை. இந்த இடைவெளியைத் தண்டனையால் நிரப்ப முடியாது, உதவித்தொகையால் நிரப்பலாம்.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். சரணாலய எல்லையை ஒட்டிய ஊராட்சிகளில் கிளுவை வேலியை வைத்திருக்கும் விவசாயிக்கு, வேலியின் நீளத்தைக் கணக்கிட்டு, கழிப்புக் கூலிக்கு ஈடான தொகையை ஆண்டுதோறும் அரசு வழங்க வேண்டும். கம்பிவேலி போட்டவர்கள் கம்பியை எடுக்க வேண்டியதில்லை. கம்பியை ஒட்டியே கிளுவைப் போத்து ஊன்ற ஊரக வேலைத் திட்டத்தில் ஆள் கொடுத்தால் போதும், சில ஆண்டுகளில் உயிர்வேலி தானாக எழுந்துவிடும். எந்த ஊரில் எந்த வேலி காட்டையும் தோப்பையும் இணைக்கிறது என்பதை வனத்துறைக் காப்பாளரைவிட அந்த ஊர் ஆடு மேய்ப்பவர்களே நன்றாக அறிவார்கள். பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஊராட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். பல ஊர்களில் அது ஏட்டளவில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் இணைப்பு வேலிகளை வரைபடத்தோடு எழுதிவைத்தால், சாலை அகலப்படுத்தும்போதும், குழாய் பதிக்கும்போதும், மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போதும் காட்டுவதற்கு ஓர் ஆவணமாவது கையில் இருக்கும். தாமாக முன்வரும் நிலவுடைமையாளர்களின் நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கவும் அதே வனவுயிர்ச் சட்டத்தில் இடமுண்டு. நிலத்தின் உரிமை உரியவரிடமே இருக்கும். முன்வரும் ஊர் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் அங்கிருந்து தொடங்கலாம்.

வேலி அறுபட்ட இடங்களை மேலே இணைக்க வழி இல்லாமல் இல்லை. வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளுக்காகச் சாலையின் மேல் மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருப்பதைத் தமிழக வாசகர்கள் அறிவார்கள். தேவாங்குக்கு இன்னும் பொருத்தமான முயற்சி ஒன்று இந்தோனேசியாவில் நடந்திருக்கிறது. அய்யலூரில் ஆராய்ந்த அதே அன்னா நெக்கரிஸ், மேற்கு ஜாவாவின் சிபகாந்தி என்ற மலைக்கிராமத்தில், அங்குள்ள தேவாங்கு இனம் விளைநிலங்களுக்கு நடுவே தனித்தனி மரக்கூட்டங்களில் சிக்கிக்கிடப்பதைக் கண்டு, விவசாயிகளின் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்களையே மரத்துக்கு மரம் உயரத்தில் கட்டித் தேவாங்குகள் நடக்கும் பாதையாக்கினார். தண்ணீரும் வயலுக்குப் போகிறது, தேவாங்கும் தரை தொடாமல் போகிறது. எங்கள் ஊர்களில் தோட்டத்துக்குத் தோட்டம் சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது. நாமும் ஏன் இதை முயன்று பார்க்கக் கூடாது? கூடவே மின்வாரியம், வேலிகளையும் தோப்புகளையும் உரசிச் செல்லும் தாழ்வழுத்தக் கம்பிகளை, குறைந்தது எல்லையோர ஊர்களிலாவது, உறையிட்ட கம்பிகளாக மாற்ற வேண்டும். கிளையென்று நினைத்து மின்கம்பியைப் பற்றிய தேவாங்கு பிடியை விடுவதில்லை.

இணைப்பு முற்றிலும் அறுந்துபோனால் என்னவாகும் என்பதற்கு இலங்கை மத்திய மலைநாடு சாட்சியாக நிற்கிறது. அங்கே ஹோர்டன் சமவெளியை ஒட்டிய மலைக்காடுகளில் செந்தேவாங்கின் அரிய வகை ஒன்று வாழ்கிறது. தேயிலைக்காகக் காடுகள் துண்டுபட்ட பின் பல்லாண்டுகள் யார் கண்ணிலும் படாமல், அழிந்தே போயிற்றோ என்று கருதப்பட்டு, 2002இல் மீண்டும் காணப்பட்டு, 2010இல்தான் அதன் முதல் படங்கள் உலகுக்குக் கிடைத்தன. கையளவுக் காட்டுத்துண்டுகளில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் பகுதித் தேவாங்கு இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். ஊரை ஒட்டிய மரத்திலும் புதரிலும் மனிதரோடு சேர்ந்து அதனால் வாழ முடியும் என்பதற்குக் கர்நாடகத்தின் தும்கூரு மாவட்டத்து நாகவல்லி கிராமமும், பெங்களூரு நகருக்குள்ளேயே இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இன்றும் வாழும் தேவாங்குகளும் சான்று. கிளைகள் தொடர்ச்சியாக இருக்கும் இடத்தில் நகரத்தையும் அது சகித்துக்கொள்கிறது.

மூடநம்பிக்கையைப் பற்றியும் சிலர் எழுதுகிறார்கள். தேவாங்கின் கண்ணை மருந்தென்றும் வசியமென்றும் நம்பிப் பிடித்த கொடுமையும், அதன் முடியைத் தாயத்தில் அடைத்துக் குழந்தைகளுக்குக் கட்டிய வழக்கமும், குறி சொல்பவர்கள் அதைக் கூடையில் வைத்துத் தெருத் தெருவாகத் திரிந்ததும் உண்மை. எங்கள் பகுதியில் அவை பெரிதும் குறைந்துவிட்டன. பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த பரப்புரைக்கு அதில் பங்குண்டு. ஆனால் அந்த இடத்தில் இப்போது வேறொரு தொல்லை வந்திருக்கிறது. சரணாலயம் என்ற பெயர் பரவியதும், இரவில் காரில் வந்து, கண்கூசும் வெள்ளை விளக்கை அதன் முகத்தில் அடித்து, கிளையிலிருந்து பிரித்துக் கையில் வைத்துப் படம் எடுத்துப் பரப்புகிறார்கள். இருட்டில் பார்க்கவென்றே அமைந்த கண்ணுக்கு அந்த வெளிச்சம் எவ்வளவு வேதனை தரும்! எல்லையோர ஊர்களில் உயர்கோபுர விளக்கு அமைக்கக் கோரும் மனுக்களையும் நான் பார்க்கிறேன். மக்களின் பாதுகாப்புக்கு வெளிச்சம் வேண்டும், மறுப்பதற்கில்லை. அதைத் தெருவைப் பார்த்துக் கீழ்நோக்கியதாகவும், காட்டுப் பக்கம் மறைப்பு உள்ளதாகவும் அமைக்க ஊராட்சிகள் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிராது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தேவாங்கு மீட்கப்பட்டது என்ற செய்தியை வெளியிடும்போது, பிடிபட்ட இடத்தின் பெயரைத் தோட்டம் வரை துல்லியமாக அச்சிட வேண்டாம். கையில் பிடித்திருக்கும் படத்தையும் தவிர்த்துவிடுங்கள். பெரும்பாலான இத்தகைய செய்திகளின் கடைசி வரி, விலங்கு தொலைவிலுள்ள காட்டில் விடப்பட்டது என்று முடிகிறது. நான்கு ஏக்கருக்குள் வாழ்ந்து பழகிய உயிரை, ஏற்கெனவே வேறு தேவாங்குகள் குடியிருக்கும் அறியாத காட்டில் விடுவது மீட்பாகாது. அடுத்த முறை அப்படியொரு செய்தி வரும்போது, அது கண்டெடுக்கப்பட்ட இடத்துக்கு அருகிலேயே ஏன் விடப்படவில்லை, அங்கே இருந்த வேலி என்னவாயிற்று என்ற இரண்டு கேள்விகளையும் தங்கள் செய்தியாளர் வனத்துறை அலுவலரிடம் கேட்டு, கிடைக்கும் பதிலையும் சேர்த்து வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
வடமதுரை வட்டார வாசகர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.